மாறுவதும் மாறாததும்

நுழையும்முன்

ஒரு பொருளைப் படைப்பவர் இன்றைய தேவையை மனத்திற்கொண்டு படைக்கிறார். அப்பொருளோ நாளைய தேவைக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. பயன்படுத்துவோர் மாறுவர், சூழல் மாறும், கருவிகளும் மாறும். இத்தனை மாற்றங்களுக்கும் இடமளித்து நிலைத்திருக்கும் வடிவமைப்பு எத்தகையது? திண்டுக்கல்லில் கையால் செய்யப்படும் பூட்டு முதல் கணினித்திரையில் தோன்றும் தமிழெழுத்து வரை இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மலைக்கோட்டையின் அடிவாரத்தில்

கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரும் அரண்போல் நிற்க, இடைப்பட்ட சமவெளியில் தனித்து எழுந்து நிற்கிறது ஒரு பெரும்பாறை. திண்டு போன்ற வடிவுடைய இக்கல்லே திண்டுக்கல் என்னும் ஊர்ப்பெயருக்குக் காரணமாயிற்று என்பர். அப்பாறையின்மேல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள் கோட்டை எழுப்பினர். பின்னர் அது மைசூர் ஆட்சியாளர்களான ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரிடமும், அவர்களுக்குப்பின் ஆங்கிலேயரிடமும் சென்றது.

நாட்டைக் காக்கக் கோட்டை எழுப்பிய ஊர், வீட்டைக் காக்கும் பூட்டாலும் பெயர் பெற்றது. ஒரு நூற்றாண்டிற்கும் மேலாகத் திண்டுக்கல்லிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பூட்டுத்தொழில் நடைபெற்று வருகிறது. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு, கதவுப் பூட்டு, பெட்டிப் பூட்டு, அலமாரிப் பூட்டு எனப் பலவகைப் பூட்டுகள் இங்கே உருவாகின்றன. தகட்டை வெட்டுதல், வளைத்தல், துளையிடுதல், அராவுதல், பொருத்துதல் என்னும் பணிகள் பெரும்பாலும் கையாலேயே செய்யப்படுகின்றன. 2019ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டிற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பூட்டு என்றதும் நம் நினைவிற்கு வருவது உறுதி. எதற்கும் அசையாமல் இருப்பதே அதன் இயல்பு என எண்ணுகிறோம். ஆயினும் பூட்டைத் திறந்து அதன் உள்ளுறுப்புகளைக் காண்போர், வளைந்து கொடுக்கும் வடிவமைப்பிற்கு அதனினும் சிறந்த சான்று காண்பது அரிது என்பதை உணர்வர்.

பூட்டின் உள்ளே

திண்டுக்கல் பூட்டுகளில் பலவும் லீவர் எனப்படும் நெம்புத்தகடுகளைக் கொண்டு இயங்குவன. மெல்லிய உலோகத் தகடுகள் சில ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒரே அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பள்ளமான வழி உண்டு. சிறிய வில் ஒன்று ஒவ்வொரு தகட்டையும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். பூட்டின் தாழில் சிறு முளை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். தகடுகள் அம்முளையை மறித்து நிற்கும்.

சாவியைச் செலுத்தித் திருப்பும்போது அதன் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டை உயர்த்துகிறது. எல்லாத் தகடுகளும் தத்தமக்குரிய உயரத்தை அடைந்தால் அவற்றின் வழிகள் ஒரே நேர்கோட்டில் அமையும். அப்போதுதான் முளை அவ்வழியே நகரும், தாழ் விலகும், பூட்டுத் திறக்கும். ஒரு தகடு சற்றுக் குறைவாக உயர்ந்தாலும் திறவாது. சற்று மிகுதியாக உயர்ந்தாலும் திறவாது. மிகுதியாக உயர்வதையும் தடுக்கும் இவ்வமைப்பிற்கு 1778இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இராபர்ட் பேரன் காப்புரிமை பெற்றார்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இத்தகைய பூட்டுகள் இரண்டைச் செய்யும்போது அவற்றின் கூடு, தாழ், அச்சு, வில் ஆகிய அனைத்தும் ஒரே வகையினவாக இருக்கலாம். தகடுகளில் வழி அமையும் உயரம் மட்டும் வேறுபட்டால் போதும்; ஒன்றன் சாவி மற்றதைத் திறக்காது. ஒரு பூட்டில் 5 தகடுகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் 6 உயரங்களுள் ஒன்றில் அமையலாம் என்றும் கொள்வோம். அவ்வாறாயின், ஒரே வடிவமைப்பிலிருந்து 6×6×6×6×6 = 7776 வெவ்வேறு பூட்டுகளை உருவாக்க இயலும். மேலும் ஒரு தகட்டைச் சேர்த்தால் இவ்வெண்ணிக்கை 46,656 ஆகிறது.

சாவி தொலைந்து, அது பிறர் கைக்குச் சென்றிருக்குமோ என ஐயம் எழுந்தால் பூட்டு முழுவதையும் எறிந்துவிட வேண்டியதில்லை. கூட்டைத் திறந்து, தகடுகளை மட்டும் மாற்றிப் புதிய சாவி செய்தால் அது புதிய பூட்டாகிவிடுகிறது. ஒவ்வொரு வீட்டிற்கும் வேறுபட வேண்டியது எது, எல்லா வீட்டிற்கும் பொதுவாக இருக்க வேண்டியது எது என்பதை வடிவமைத்தவர் முன்னரே பிரித்துணர்ந்தார். மாறக்கூடியதை ஓரிடத்தில் ஒதுக்கி வைத்தார். பூட்டின் நெகிழ்வு முழுவதும் அப்பிரிவினையில் அடங்கியுள்ளது.

இரண்டு இலக்கங்களின் விலை

பூட்டு செய்பவர் உணர்ந்த இவ்வுண்மையை மென்பொருள் உலகம் பெரும்பொருள் செலவிட்டே கற்றது.

கணினியின் தொடக்கக் காலத்தில் நினைவகம் மிகுந்த விலையுடையதாக இருந்தது. தரவுகளைப் பதிந்த துளையட்டை ஒன்றில் 80 எழுத்துகளுக்கே இடமிருந்தது. எனவே, நிரல் எழுதியோர் ஆண்டைக் குறிக்க இறுதி இரண்டு இலக்கங்களை மட்டும் பயன்படுத்தினர். 1965 என்பது 65 என எழுதப்பட்டது. அன்றைய சூழலில் அது சிக்கனமான முடிவே. ஆனால், 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது, 00 என்பதைக் கணினி 1900 எனக் கொள்ளுமோ என்னும் அச்சம் எழுந்தது. வங்கிக் கணக்கு, காப்பீடு, மின்வழங்கல், வான்வழிப் போக்குவரத்து எனப் பல துறைகளின் நிரல்களையும் வரிவரியாக ஆராய்ந்து திருத்த வேண்டியதாயிற்று. இந்தியப் பொறியாளர்கள் பலர் அப்பணியில் ஈடுபட்டனர்.

இரண்டு இலக்கங்களைத் தேர்ந்தது அத்துணைப் பெரிய பிழையன்று. அம்முடிவு நிரலின் ஓரிடத்தில் மட்டும் இருந்திருந்தால் அதனைத் திருத்துவது எளிய செயலாக இருந்திருக்கும். அது ஆயிரக்கணக்கான வரிகளில் சிதறிக் கிடந்தது என்பதே துன்பத்திற்குக் காரணம். தகடுகளைக் கூட்டோடு சேர்த்து உருக்கி வார்த்த பூட்டிற்கு அந்நிரல்கள் ஒப்பாகும். அதில் ஒன்றை மாற்ற முழுவதையும் உடைக்க வேண்டும்.

இதற்குரிய தீர்வைக் கணினி அறிஞர் டேவிட் பார்னசு 1972ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் எடுத்துரைத்திருந்தார். ஒரு நிரலை எவ்வாறு பகுதிகளாகப் பிரிப்பது என்பதே அவர் ஆராய்ந்த வினா. முதலில் நிகழ்வது, அடுத்து நிகழ்வது எனச் செயல்களின் வரிசைப்படி பிரிப்பது அன்றைய வழக்கம். அவ்வாறு பிரித்தால், தரவை எவ்வடிவில் சேமிப்பது என்பது போன்ற ஒரு முடிவு மாறும்போது எல்லாப் பகுதிகளும் மாற வேண்டியிருக்கும் என அவர் காட்டினார். மாறக்கூடிய முடிவுகள் எவை என முதலில் பட்டியலிட்டு, அவை ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வைப்பதே தக்க வழி என்பது அவர் கருத்து. அப்பகுதி என்ன செய்யும் என்பதைப் பிற பகுதிகள் அறிந்தால் போதும். எவ்வாறு செய்யும் என்பதை அறிய வேண்டியதில்லை. சாவியைத் திருப்பும் கை, கூட்டினுள் எத்தனை தகடுகள் உள்ளன என்பதை அறிய வேண்டியதில்லை அன்றோ?

எழுத்தும் உருவமும்

இக்கருத்தின் பயனைத் தமிழெழுத்தின் வரலாற்றிலேயே காணலாம்.

பெரியார் 1935ஆம் ஆண்டு முதல் தம் 'குடிஅரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். தமிழ்நாடு அரசு 1978இல் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா ஆகியவற்றின் கூட்டு வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை போன்ற கொம்புடைய வடிவங்களும், ஒகர ஓகார வரிசையில் இவற்றையொத்தனவும் ஆகிய 13 எழுத்துகளின் உருவம் மாறியது. எழுத்தின் ஒலியும் பொருளும் மாறவில்லை. ஆயினும், அச்சகங்கள் புதிய உருவிற்கேற்ப அச்செழுத்துகளை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. உலோக அச்சில் எழுத்தும் உருவமும் ஒன்றே. உருவம் மாறினால் உலோகமும் மாற வேண்டும்.

கணினியில் தமிழ் நுழைந்த தொடக்க நாள்களிலும் இந்நிலையே தொடர்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை உருவாக்கி, தனக்குத் தோன்றிய எண்ணை ஒவ்வோர் எழுத்துக்கும் வழங்கியது. ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதம் மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. கடிதத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் நிலை ஏற்பட்டது. இக்குழப்பத்தைக் களைய, 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டின் வழியாகத் தமிழ் 99 விசைப்பலகையும் பொதுவான குறியாக்க முறைகளும் வகுக்கப்பட்டன.

ஒருங்குறி என்னும் உலகளாவிய குறியாக்கம் இச்சிக்கலை வேரிலிருந்து அணுகியது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றிருந்தது. ஒருங்குறியில் சேமிக்கப்படுவது எழுத்து. அதன் உருவத்தைத் தீட்டும் பொறுப்பு எழுத்துருவிற்கு உரியது. 'கெ' என்னும் எழுத்தைத் தாளில் எழுதும்போது கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் வருகின்றன. தட்டச்சுப்பொறியிலும் கொம்பையே முதலில் அடிப்போம். ஒருங்குறியோ ஒலிப்பு முறைப்படி ககரத்தை முதலிலும் எகரக் குறியை அடுத்தும் சேமிக்கிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுசென்று நிறுத்துவது திரையில் தோற்றுவிக்கும் மென்பொருளின் பணி.

இதனால் விளைந்த பயன் பெரிது. 'லை' என்பதைத் துதிக்கைக் கொம்புடன் காட்ட விரும்பினால் பழைய வடிவிலான எழுத்துருவைத் தேர்ந்தால் போதும். புதிய வடிவில் காட்ட விரும்பினால் வேறோர் எழுத்துருவைத் தேரலாம். நூலின் ஒரு சொல்லையும் திருத்த வேண்டியதில்லை. 1978இல் அச்சகம்தோறும் நிகழ வேண்டியிருந்த மாற்றம் இன்று ஒரு தெரிவால் நிகழ்கிறது. மாறும் உருவத்தை மாறா எழுத்திலிருந்து பிரித்ததே இதற்குக் காரணம்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்ச் சொல்லமைப்பிலும் இப்பிரிவினையைக் காணலாம். பகுபதத்தின் உறுப்புகள் ஆறு என நன்னூல் கூறுகிறது. அவை: பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். 'திறந்தான், திறக்கிறாள், திறப்போம்' ஆகியவற்றில் 'திற' என்னும் பகுதி மாறவில்லை. காலம் மாறும்போது இடைநிலையும், பால் அல்லது இடம் மாறும்போது விகுதியும் மாறுகின்றன. கணினியின் வருகையால் தோன்றிய 'பதிவிறக்கு' என்னும் சொல், 'பதிவிறக்கினான்' எனப் பழைய இடைநிலையையும் விகுதியையும் இயல்பாக ஏற்கிறது. புதிய சொல்லுக்காகப் புதிய இலக்கணம் தேவைப்படவில்லை.

நெகிழ்வின் எல்லை

இவ்வாறெனில், எல்லாவற்றையும் மாற்றத்தக்கதாக அமைப்பதே சிறந்ததாகுமோ? அன்று. எல்லாச் சாவிக்கும் திறக்கும் பூட்டு மிகுந்த நெகிழ்வுடையதுதான். ஆனால் அது பூட்டாகாது. ஒவ்வொரு தகடும் மறுக்க வேண்டியவற்றை மறுப்பதனாலேயே பூட்டிற்குப் பயன் உண்டாகிறது.

ஒருங்குறியும் இவ்வெல்லையை அறிந்தே இயங்குகிறது. ஒரு குறிக்கு ஒருமுறை வழங்கப்பட்ட எண்ணை மாற்றுவதோ நீக்குவதோ இல்லை என்பது அதன் உறுதிமொழி. புதியவற்றைச் சேர்க்கலாம், பழையவற்றை அசைக்கலாகாது. 2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பில் தமிழின் பின்ன எண்கள், அளவைக் குறிகள் உள்ளிட்ட 51 குறிகள் சேர்க்கப்பட்டன. பழைய ஓலைகளிலும் கணக்குச் சுவடிகளிலும் வழங்கிய அக்குறிகள் கணினியில் இடம்பெற்றபோது, அதற்குமுன் எழுதப்பட்ட எந்த ஆவணமும் சிதையவில்லை. அடித்தளம் அசையாதிருந்தமையால்தான் மேலும் மேலும் கட்ட முடிந்தது.

நெகிழ்வுக்கு விலையும் உண்டு. பூட்டில் ஒரு தகடு கூடினால் காப்பு மிகும். கூடவே தேயக்கூடிய உறுப்பும் ஒன்று மிகும். மென்பொருளில் ஒரு தெரிவைக் கூட்டினால், சோதிக்க வேண்டிய நிலைகளும் கூடும். என்றோ வரக்கூடும் என எண்ணி எல்லா மாற்றத்திற்கும் வழிவைத்த நிரல், இன்று தேவைப்படும் சிறிய மாற்றத்தைச் செய்வதற்கும் கடினமானதாகிவிடும். எனவே, எது மாறும் என ஆராய்ந்து துணிவதே வடிவமைப்பாளரின் தலையாய கடமை. இதுவரை எவை மாறின என்று வரலாற்றைக் கேட்டும், எவ்விடத்தில் இடர்ப்படுகிறோம் எனப் பயன்படுத்துவோர் கூறுவதைக் கேட்டும் அத்துணிவைப் பெறலாம்.

இட்டுப் பார்த்து அராவுதல்

முன்கூட்டியே அனைத்தையும் அறிதல் யார்க்கும் இயலாது. கையால் பூட்டு செய்வோர் இதனை நன்கு அறிவர். சாவியைச் செலுத்திப் பார்ப்பார், எத்தகடு இடிக்கிறது என விரல்வழி உணர்வார், வெளியே எடுத்து அரத்தால் சற்றே அராவுவார், மீண்டும் செலுத்துவார். ஒரே வீச்சில் மிகுதியாக அராவிவிட்டால் தேய்ந்த உலோகம் திரும்ப வாராது. எனவே, சிறிது சிறிதாகவே திருத்துவார்.

மென்பொருள் துறையிலும் இம்முறை வேரூன்றியுள்ளது. தொடக்கத்திலேயே முழுத்திட்டத்தையும் வகுத்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து, இறுதியில் பயனரிடம் ஒப்படைக்கும் பழைய முறை பலமுறை தோல்வி கண்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடி, அஜைல் என்னும் பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். இயங்கும் சிறு பகுதியை விரைந்து தந்து, பயனரின் கருத்தறிந்து, மாற்றத்தை ஏற்று மேற்செல்லுதல் அதன் சாரம். திட்டம் வேண்டாம் என அவர்கள் கூறவில்லை. மாற்றத்திற்கு முகம்கொடுப்பதைத் திட்டத்தைப் பின்பற்றுவதினும் மேலாக மதித்தனர்.

பிழை வெளிப்படும்போது அதனை ஏற்பதும் நெகிழ்வின் ஒரு கூறே. 1851இல் இலண்டனில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியின்போது அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்பிரட் ஆப்சு, திறக்கவே முடியாதவை எனப் புகழ்பெற்றிருந்த சப், பிரமா ஆகியோரின் பூட்டுகளைச் சாவியின்றித் திறந்து காட்டினார். பிரமாவின் பூட்டைத் திறக்க அவருக்குப் பல நாள்கள் பிடித்தன. இங்கிலாந்து மக்கள் அதிர்ந்தனர். ஆயினும், அந்நிகழ்வே பூட்டுகளின் அமைப்பை மேலும் செம்மையாக்கத் தூண்டுகோலாயிற்று. இன்று மென்பொருள் நிறுவனங்கள் பல, தம் நிரலிலுள்ள ஓட்டைகளைக் கண்டு கூறுவோர்க்குப் பரிசளிக்கின்றன.

தொழிலுக்கு ஒரு திறவுகோல்

பூட்டைப் பற்றி இத்துணையும் அறிந்தபின், பூட்டு செய்பவரைப் பற்றியும் எண்ண வேண்டும். வடஇந்தியாவின் அலிகார் நகரிலிருந்து பெருமளவில் வரும் பூட்டுகளும், இயந்திரங்கள் குறைந்த நேரத்தில் செய்து குவிக்கும் பூட்டுகளும் சந்தையை நிறைத்துவிட்டன. எண்களாலும் விரல்ரேகையாலும் திறக்கும் மின்னணுப் பூட்டுகளும் வந்துவிட்டன. கைத்தொழிலில் கிடைக்கும் வருவாய் போதாமையால் இளையோர் பலர் வேறு பணி நாடுகின்றனர். எத்தனை சாவிகளுக்கும் ஏற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் பூட்டைச் செய்தவர், மாறிவிட்ட சந்தைமுன் திகைத்து நிற்கும் நிலை வருந்தத்தக்கது.

புவிசார் குறியீடு 'திண்டுக்கல் பூட்டு' என்னும் பெயரைப் பிறர் கவர்ந்துகொள்ளாமல் காக்கும். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆயினும், ஒரு பெயர் மட்டும் தொழிலை வாழ்விக்காது. பூட்டின் தகடுகளுக்குக் கேட்ட அதே வினாவைத் தொழிலுக்கும் கேட்க வேண்டும். இத்தொழிலில் மாறக்கூடியது எது? மாறக்கூடாதது எது?

தகடு வெட்டும் முறை மாறலாம். அதற்கு இயந்திரம் துணைபுரியலாம். விற்பனை இணையவழி நிகழலாம். வடிவம் இன்றைய கதவுகளுக்கேற்ப அமையலாம். ஆனால், ஒவ்வொரு பூட்டையும் தனித்தன்மையோடு பொருத்தும் கைத்திறனும், பழுதுற்றால் எறியாமல் திறந்து சீர்செய்யத்தக்க அமைப்பும், கண்ணால் காணாததை விரலால் அறியும் நுண்ணுணர்வும் இத்தொழிலின் உயிர். அவற்றை இழந்து பெறும் மாற்றம், எல்லாச் சாவிக்கும் திறக்கும் பூட்டாகவே முடியும்.

மாற்றத்திற்கு அஞ்சி முழுதும் இறுகிய பொருள் ஒருநாள் உடைகிறது. மாற்றத்திற்கு முழுதும் இணங்கிய பொருளோ தன் பயனை இழக்கிறது. எதனை நெகிழவிடுவது, எதனை உறுதியாகப் பற்றுவது என்னும் தெளிவே பூட்டிற்கும் நிரலுக்கும் நெடுவாழ்வு அளிக்கிறது. நாளை நீங்கள் ஒரு கருவியை வடிவமைக்கலாம், நிரல் எழுதலாம், ஒரு தொழிலை ஏற்று நடத்தலாம். எப்பணியாயினும், தொடங்குமுன் மாறுவதையும் மாறாததையும் பிரித்து எழுதிப் பாருங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள ஒரு பொருளைத் தேர்ந்து, அதில் மாற்றத்தக்க உறுப்புகள் எவை, மாற்ற இயலாதவை எவை எனப் பட்டியலிடுக.
2. உங்கள் ஊரில் வழங்கும் கைத்தொழில் ஒன்றைச் செய்பவரைச் சந்தித்து, கடந்த இருபது ஆண்டுகளில் அத்தொழில் எவ்வாறு மாறியுள்ளது எனக் கேட்டறிந்து வகுப்பறையில் பகிர்க.
3. ஒரே பத்தியை இருவேறு ஒருங்குறி எழுத்துருக்களில் கணினியில் தோன்றச் செய்து, மாறியது எது, மாறாதது எது எனக் குறிப்பெழுதுக.

வினாக்கள்

குறுவினா
1. நெம்புத்தகட்டுப் பூட்டில் முளை நகர்வதற்குரிய நிலை யாது?
2. ஆண்டை இரண்டு இலக்கங்களில் குறித்ததனால் நேர்ந்த இடர் யாது?

சிறுவினா
1. 'கெ' என்னும் எழுத்து ஒருங்குறியில் சேமிக்கப்படும் முறையைத் தட்டச்சு முறையோடு ஒப்பிடுக.
2. 'எல்லாச் சாவிக்கும் திறக்கும் பூட்டுப் பூட்டாகாது' என்னும் கருத்தை மென்பொருளோடு பொருத்தி விளக்குக.

நெடுவினா
1. திண்டுக்கல் பூட்டுத்தொழில் நிலைபெற மாற வேண்டியனவும் காக்க வேண்டியனவும் குறித்து நும் கருத்துகளைத் தொகுத்து எழுதுக.